மினுக்கில்லாத ரோடு

அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். தொண்டை கட்டியிருந்தது, இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி விட்டதா?

போன் செய்யலாம்தான். ஆனால் உங்கள் டிப்போவில் போன் மேனேஜர் மேசையில் இருக்கிறது. அந்த அறையில் சுவருக்கு மட்டுமல்ல, நாற்காலிக்கும் காது. போன தடவை உன் வயிற்றுப்போக்கைப் பற்றி நான் விசாரித்தது மலை முழுக்கத் தெரிந்துவிட்டதாமே. அதனால் கடிதமே உத்தமம்.

ஓர் உதவி வேண்டும். சிரிக்காதே. எனக்கு ஒரு துண்டு ரோடு வேண்டும்.

"அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று நீ வழக்கம்போல் கேட்பாய். ஒளி ஆடிக்கொண்டேதான் வருகிறது. சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் ஆடும். அதை வடிகட்டி ஒரே பக்கமாக ஆட வைத்தால் தளவிளைவு ஒளி என்று பெயர். அந்த ஒளியைச் சொரசொரப்பான தார் மேல் அடித்தால் மேடுபள்ளங்களில் முட்டி மோதி, எந்தப் பக்கம் ஆடிவந்தோம் என்பதையே மறந்து திரும்புகிறது. அதே தாரின் மேல் மெல்லிசாகப் பனிக்கட்டி படிந்திருந்தால் பரப்பு வழவழவென்று ஆகிவிடும். மேலே பட்ட ஒளி ஆட்டம் மாறாமல் திரும்பும். இந்த வித்தியாசத்தை அளந்து, முன்னால் பனிக்கட்டி இருந்தால் வண்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி செய்வதுதான் எங்கள் திட்டம். உன்னை மாதிரி மலை ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்களுக்காகத்தான்.

இங்கே எங்களிடம் இருப்பதெல்லாம் நேற்று வார்த்த புதுத் தார்ப் பலகை. எந்தச் சக்கரமும் அதன்மேல் ஏறியதில்லை. சக்கரம் தேய்த்து, மழை அரித்த உண்மையான ரோடு ஒரு தட்டு அளவு கிடைத்தால் போதும். ரோடு வேலைக்காரர்கள் தோண்டும்போது கேட்டுப் பார்.

வேளைக்குச் சாப்பிடு. மற்றவை உன் பதில் கண்டு.

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். முழங்கால் வலி போகவில்லை, ஆனால் அவள் அதோடு சமாதானமாகிவிட்டாள். உன் தொண்டையைப் பார்த்துக்கொள். அது கட்டினால் உன் ஆய்வுக்கூடத்தில் திட்ட ஆளில்லாமல் போய்விடும்.

தம்பியிடம் பணம் கேட்கிற அக்காவைப் பார்த்திருக்கிறேன். ரோடு கேட்ட அக்கா நீ ஒருத்திதான். பாலத்தைத் தாண்டினால் ஓர் ஏற்றம் வரும். ரோடு அங்கே முகத்துக்கு நேரே எழும்பி நிற்கும். அதன் ஓரத்தில் குழாய்க்காகத் தோண்டியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு துண்டை என் கண்டக்டர்தான் பேசி வாங்கினான். அவனை நாங்கள் குருவி என்போம். ஆள் இத்தனூண்டு, வாய் ஓயாது. முன்கதவுப் படியில் நின்றுகொண்டு முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப்வரை கதை சொல்லிக்கொண்டே வருவான். "உங்க அக்கா ரோட்டை ஊறுகாய் போடப் போறாங்களா?" என்று கேட்டான். சாக்கில் கட்டிப் பார்சல் போட்டிருக்கிறேன்.

உன் சிவப்பு விளக்கு வரும்வரை எங்களுக்கு எங்கள் பழைய முறைதான். மெல்லிசுப் பனிக்கட்டிக்கு நிறம் கிடையாது. கீழே இருக்கிற தாரின் கறுப்புதான் தெரியும். ரோடு மினுக்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, மினுக்காவிட்டால் ஓட்டு. டிப்போவுக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் பாடம் இதுதான்.

என்ன, அந்த மினுக்கே என் உயிரை எடுக்கிறது. காலை டிரிப்பில் ஈர ரோடு முழுக்கப் பளபளவென்று கண்ணில் குத்துகிறது. கண்ணில் நீர் வடிகிறது, மத்தியானத்துக்குள் மண்டை இடி. டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்கிறார். வேறு வேலைக்கு மாற்றிக் கேள் என்கிறாள் வீட்டுக்காரி. எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஸ்டியரிங் பிடிப்பதுதானே. இதை உன்னிடம் சொன்னால் உடனே கவலைப்பட ஆரம்பிப்பாய். வேண்டாம்.

என்றும் உன்
தம்பி


நவம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ரோடு வந்து சேர்ந்தது. மேசையில் வைத்ததும் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அருமையான சொரசொரப்பு. குருவிக்கு என் நன்றியைச் சொல். ஊறுகாய் இல்லை, பனி உருக ரோட்டில் போட்ட உப்பை மட்டும் கழுவினேன் என்று சொல்.

கவலைப்படாதே என்று எழுதினால் கவலைப்படாமல் இருக்க நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா? தலைவலியோடு ஒருவன் மலையில் பஸ் ஓட்டுகிறான், அவன் அக்கா நாள் முழுக்க ஒளியை வடிகட்டுகிற வேலையில் இருக்கிறாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதா?

இத்துடன் ஒரு கறுப்புக் கண்ணாடி அனுப்புகிறேன். கடைகளில் விற்கிற ஜாதி இல்லை, எங்களுக்கு வில்லை செய்து தருகிறவரிடம் சொல்லிப் போட்டது. ஈர ரோட்டிலிருந்து கண்ணில் குத்துகிற பளபளப்பு பெரும்பாலும் படுக்கைவாட்டில் ஆடுகிற ஒளி. இந்தக் கண்ணாடி அதை மட்டும் நிறுத்திவிடும். மற்றதெல்லாம் தெளிவாகத் தெரியும். நானே ஜன்னலோரம் நின்று போட்டுப் பார்த்தேன். எதிர்த் தெருவில் தேங்கின தண்ணீரின் மினுமினுப்பு இருந்த இடம் தெரியவில்லை.

காலை டிரிப்பில் மறக்காமல் போட்டுக்கொள். அழகுக்கு இல்லை, தலைவலிக்கு. எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் நலமே வேண்டும்
அக்கா


நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் நிஜமாகவே நலம். கண்ணாடி போட்ட நாளிலிருந்து தலைவலி போன இடம் தெரியவில்லை.

என்ன சொல்வது, அக்கா! ரோட்டை யாரோ துடைத்து உலர்த்தி வைத்த மாதிரி இருக்கிறது. குத்தலே இல்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசுகிறேனாம், வீட்டுக்காரி சந்தேகமாகப் பார்க்கிறாள். டிப்போவில் கேலிதான். "ஹீரோ வண்டி எடுக்கிறார், வழிவிடுங்கள்" என்று குருவி விசில் அடிக்கிறான். அவனும் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று உண்டா என்று உன்னைக் கேட்கச் சொன்னான். படியில் நின்று பேசுகிறவனுக்குக் கண்ணாடி எதற்கு, பூட்டுத்தான் வேண்டும் என்றேன்.

பனி விழ ஆரம்பித்துவிட்டது. உன் அளவுகள் எப்படிப் போகின்றன? விளக்கு எரிகிறதா? இரவில் கண் விழிக்காதே.

சந்தோஷமாக
தம்பி


டிசம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இத்தனை வருஷம் படித்த படிப்பு வீட்டுக்கு உதவியது இதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது. பக்கத்து மேசைக்காரியிடம் படித்தும் காட்டினேன்.

உன் ரோட்டுத் துண்டில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து அளக்கிறோம். காய்ந்த தாருக்கும் பனிக்கட்டிக்கும் வித்தியாசம் பளிச்சென்று வருகிறது. சிவப்பு விளக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை.

நவம்பர் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையே. பொறுக்காமல் டிப்போவுக்குப் போன் செய்தேன். நீ லீவில் இருப்பதாக மேனேஜர் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "அவரே எழுதுவாரும்மா" என்று வைத்துவிட்டார். ஊர்க்கதை அத்தனையும் பேசுகிற மனிதர் இரண்டு வார்த்தையில் முடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. உடம்புக்கு என்ன? ஒரு வரி எழுது.

வழி பார்த்திருக்கும்
அக்கா


ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுதத் தாமதம் ஆகிவிட்டது.

குருவி போய்விட்டான்.

காலை டிரிப். வானம் தெளிவாக இருந்தது. பாலம் தாண்டி அந்த ஏற்றத்தில் ஏறப் போனோம். ரோடு கறுப்பாகக் காய்ந்து கிடந்தது, ஒரு மினுக்கும் இல்லை. நான் வழக்கமான வேகத்தில்தான் போனேன். ஏற்றத்தின் காலடியில் வண்டி கையைவிட்டுப் போனது. ஸ்டியரிங் சும்மா சுற்றியது. கதவுப் பக்கம் பாறையில் அடித்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, ஒரு அம்மாவுக்குக் கை முறிவு. அவன் எப்போதும்போல் படியில் நின்றிருந்தான். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்கவில்லை, ஊம் போட்டேன்.

கீழே பனிக்கட்டி இருந்திருக்கிறது.

என்னை வண்டியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி நடுவில் விசாரணை. தவறு என் மேல் என்றால் லைசென்ஸும் போகும், ஜெயிலும் உண்டு. குருவியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கிடந்த என்னைச் சாப்பிட வைத்தாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டும். அவள் எனக்குச் சொல்கிறாள்.

உன் வேலையைப் பார். இங்கே ஓடிவர வேண்டாம்.

தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. குருவியை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அழுகை நிற்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, அவன் மனைவி சொல்வதையாவது கேள்.

ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல். அன்று அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தாயா?

நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் மினுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். தெளிந்த வானம், ரோடு முகத்துக்கு நேரே ஏறுகிற இடம், கீழே பனிக்கட்டி. வெறும் கண்ணுக்கு அது மின்னாமல் இருக்க வழியே இல்லை. நேற்று உன் ரோட்டுத் துண்டை அதே சாய்வில் நிறுத்தி, உறைய வைத்து, அதேபோல் இன்னொரு கண்ணாடி வாங்கிவந்து பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் பளபளக்கிறது. போட்டால் காய்ந்த தார். அந்தச் சாய்வில்தான் கண்ணாடி மினுக்கை அப்படித் தின்கிறது.

உனக்குத் தலைவலி தந்த மினுக்கும் நான் நாள் முழுக்க அளக்கிற மினுக்கும் ஒன்றுதான், தம்பி. நீ முதல் பாடம் என்று எழுதினாய். நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் கண்ணாடி வாங்கப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, என் சோதனை அப்படி ஆயிற்று.

உடனே பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இல்லை என்று எழுதிக் கிழித்தேன். உன்னிடம் பொய் சொல்லி நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்?

போட்டிருந்தேன். வண்டி நின்றதும் இறங்கி ஓடினேன். அவனைத் தூக்கும்போது கண்ணாடி கழன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஏற்றம் முழுக்க மின்னிக்கொண்டிருந்தது, அக்கா. ஒரு சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும். கண்ணாடியை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. டிப்போவில் அதை வெறும் ஸ்டைல் கண்ணாடி என்றே நினைக்கிறார்கள். வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ தாங்கமாட்டாய்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். விசாரணைக்கு முன்னாலேயே வாக்குமூலம் எடுக்கிறார்கள், நல்லபடி போகிறது. அந்த இடத்தில் பனி உருக உப்புப் போட வேண்டியவர்கள் போடவில்லை. மற்ற டிரைவர்களும் அங்கே சில நாள் மினுக்கு ஏமாற்றும் என்று சொல்லியிருக்கிறார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று அதிகாரியே சொன்னாராம். விபத்து என்று முடித்துவிடுவார்கள். குருவியின் மனைவியும் விதி என்றே நினைக்கிறாள். ஜெயிலுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால் கண்ணாடிப் பேச்சை யாரிடமும் எடுக்காதே. ஒன்றும் செய்யாதே. சும்மா இரு. அது ஒன்றுதான் இப்போது நீ எனக்குச் செய்யக் கூடியது.

தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பி,

நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பதில் வரவில்லை. விசாரணை நாள் நெருங்குகிறது. என்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். விசாரணை அதிகாரிக்கு முழு அறிக்கை எழுதி, இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பினேன். உன் ரோட்டுத் துண்டில் எடுத்த அளவுகள், படங்கள், எல்லாம் இணைத்திருக்கிறேன். மினுக்கே தெரியவில்லை என்று நீ சொன்னதே நீ கண்ணாடி போட்டிருந்தாய் என்பதற்குச் சாட்சி என்று விளக்கியிருக்கிறேன். நீ கவனக்குறைவாக ஓட்டவில்லை. நீ எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தாலும் அந்தப் பனிக்கட்டி உனக்குத் தெரிந்திருக்காது. கண்ணாடியைக் கொடுத்தது நான், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தலைமை விஞ்ஞானியும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்.

இனி யாரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. தைரியமாக இரு. உன் ஜனவரிக் கடிதம் வந்த பிறகு இன்றுதான் கொஞ்சம் சாப்பிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 9

தம்பி,

உன் கடிதம் இன்று வந்தது.

நேரே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். குமாஸ்தா எடுத்தார். அறிக்கை வந்து பதிவாகிவிட்டதாம், அதிகாரி படித்தும் ஆயிற்றாம். திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். யானை வாயில் போன கரும்பும்மா என்றார். அளவில் தவறு இருக்கலாம் என்று இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுதினாலும் என்ன? அளவில் தவறில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு தார்த்துண்டை உறைய வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் அறையில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோம். உன் விஷயத்திலும் அப்படியே நினைத்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினேன். ஐந்து நாள் பொறுத்திருந்தால் போதும். என்னால் அதுகூட முடியவில்லை.

நான் கிளம்பி வரட்டுமா? என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனி கொடுக்காத எதையும் கண்ணில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். நான் படித்ததில்லை, கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். விபத்து என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அலட்சியத்தால் மரணம் என்று மாற்றினார்கள். கண்ணாடியை மறைத்தது தனிக் குற்றம். மூன்று வருஷம். லைசென்ஸ் இனி எப்போதும் கிடையாது. எனக்காகச் சாட்சி சொன்ன டிரைவர்கள் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்களையும் பொய்யர்கள் ஆக்கிவிட்டேன். வீட்டுக்காரி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அவளுக்கும் ஒரு வரி எழுது, மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

உன் அறிக்கையை முழுசாக வாசித்தார்கள். எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தாய். அதில் ஒரு வரியும் பொய் இல்லை. எனக்குக் கோபம் வர வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

நீ வர வேண்டாம் என்றுதான் உனக்குப் பதில் போடவில்லை. இப்போது எழுதுவது வேறு ஒன்றுக்காக.

குருவியின் மனைவி தினமும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உன் அறிக்கையை வாசித்து முடித்த அன்று போலீஸ்காரர்கள் என்னை வெளியே கூட்டிப் போனபோது, வராந்தாவில் எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"கண்ணு கூசுதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. பக்கத்துல நின்னு ரோட்டைப் பாத்துச் சொல்லியிருப்பாரே. சும்மா பேசிக்கிட்டுதானே வந்தாரு."

கேட்டுவிட்டு நின்றாள். என்னைக் கூட்டிப் போகிறவர்கள்கூடக் கொஞ்சம் நின்றார்கள். பிறகு அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நாள் முழுக்க யோசிக்கிறேன், பதில் கிடைக்கவில்லை. நீ படித்தவள், எதற்கும் காரணம் கண்டுபிடிக்கிறவள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது, அக்கா. தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

தம்பி